நான்காவது குறி

வெண்டெலின் ஹுடெட்ஸ் எந்த மேஜையில் உட்கார்ந்தாலும் வலது ஆட்காட்டி விரலால் தட்டுவார். மெல்ல ஒரு தட்டு. நீண்ட இடைவெளி. பிறகு இரண்டு தட்டு, நிதானமாக. பிறகு விரல் மேலே போகும். பலகைக்குச் சற்று மேலே அப்படியே நிற்கும். கீழே வராது.

ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். தொழில் பழக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

குன்றின் மேல் பொதுமக்களுக்கென்று இருந்த வானோக்ககத்தில் நான் வேலை பார்த்தேன். சீட்டு கிழிப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டுவது, வானத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் குழுவின் அறிக்கைகளைத் தட்டச்சு செய்வது. ஒரு மார்கழி மாலையில் பூட்ஸ் நிறையப் பனியோடு வாசலில் நின்று அவர் கேட்ட முதல் கேள்வி:

"உள்ள வரலாமா? இல்ல கட்சிக்காரங்களுக்கு மட்டுமா?"

"கட்சிக்காரங்க யாரும் இந்தக் குளிர்ல மலையேற மாட்டாங்க. பூட்ஸ வெளிய கழட்டிட்டு வாங்க."

அன்று அவருக்கு முப்பது வயது இருக்கலாம். காலுறையில் பெருவிரல் தெரிந்தது. அதை மறைக்க ஒரு காலின் மேல் இன்னொரு காலை வைத்துக்கொண்டு நின்றார். அன்றே குழுவில் சேர்ந்தார்.

குழுவின் வேலை விசித்திரமானது. எங்கோ தொலைவில் ஒரு சிறுகோள் ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும். அந்தச் சில விநாடிகள் நட்சத்திரம் அணைந்துவிடும். பிறகு எரியும். ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவர் உட்கார்ந்து எப்போது அணைந்தது, எப்போது வந்தது என்று குறித்தால், அந்தக் கல் எவ்வளவு பெரியது, என்ன வடிவம் என்று கணக்குப் போடலாம். கல்லை யாரும் பார்த்ததில்லை. நாங்கள் பார்த்தது அது விட்டுப்போன இருட்டை.

குழுத் தலைவர் பொறியாளர் லாபுடாவுக்கு இரண்டே விதிகள். முதல் விதி: கண்ணை எடுக்கக் கூடாது.

"வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் எடுக்கக் கூடாது. புரியுதா?"

"பொண்டாட்டி கூப்பிட்டா?" என்று பின்வரிசையில் யாராவது கேட்பார்கள். ஒவ்வொரு புதுவருடமும் யாராவது கேட்பார்கள்.

"பொண்டாட்டி கூப்பிட்டா கட்டாயமா எடுக்கக் கூடாது."

இரண்டாவது விதி: குறிக்காதது நடக்கவில்லை. நினைவிலிருந்து யாரும் எதையும் சேர்க்கக் கூடாது. கண் பார்த்த கணத்தில் விரல் அழுத்தியிருக்க வேண்டும்.

வெண்டெலின் ரயில்வே கழித்துப் போட்ட ஒரு தந்திக் கருவியைக் கொண்டுவந்து தனக்கென்று பழுது பார்த்து வைத்துக்கொண்டார். காகித நாடா ஓடிக்கொண்டிருக்கும், விநாடிக்கு ஒரு புள்ளி விழும். தந்தி அடிக்கும் சாவியை அழுத்தினால் புள்ளிகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. மற்றவர்கள் நிறுத்துகடிகாரத்தோடு திண்டாடும்போது இவருடைய நாடா பளிச்சென்று இருக்கும். லாபுடாவுக்குப் பிடித்த மாணவன் ஆனார். சிமிட்டாத கண் என்று பெயர் வாங்கினார்.

லெஹோத்கா கிராமத்தில் அவர் வீடு ஒரே கூரை, இரண்டு கதவு. முன்பாதியில் அண்ணன் காஷ்பரும் அண்ணி ஹெர்மீனாவும். பின்பாதியில் இவர். பின்னால் முற்றம், பிளம் மரங்கள், அதற்கப்பால் பழைய மாவு ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால். மரங்கள் தென்வானத்தை மறைத்ததால் தொலைநோக்கியை வாய்க்கால் ஓரத்தில் ஒரு சிமெண்டுத் தூணில் நட்டிருந்தார். பக்கத்தில் ஒரு கொட்டகை, அதில் ஒரு சின்ன இரும்பு அடுப்பு.

எண்பத்தைந்து ஜனவரியில் எல்லோரும் எதிர்பார்த்தது உருளைக்கிழங்கை. சனிக்கோளுக்கு அப்பால் சுற்றும் ஒரு சிறிய உடல் அது. அதற்கு முறையான எண் உண்டு. நாங்கள் உருளைக்கிழங்கு என்றுதான் சொல்வோம். சனிக்கிழமை மாலை, ஆறு மணிக் கோயில் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அதன் நிழல் எங்கள் பள்ளத்தாக்கைக் கடக்கும் என்று கணக்கு. அதே சனிக்கிழமை ஹுடெட்ஸ் வீட்டில் பன்றி அறுப்பு.

"பன்னிய வேற நாள் வெட்டக் கூடாதா?" என்றார் லாபுடா.

"நீங்க வந்து எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. கசாப்புக்காரருக்கு அந்த ஒரு நாள்தான் ஒழியுதாம். உருளைக்கிழங்க வேற நாள் வரச் சொல்லுங்கறான்."

அன்று மாலை மற்ற எல்லாக் கிராமங்களிலும் மூடுபனி. லெஹோத்காவில் மட்டும் வானம் திறந்திருந்தது.

அன்று மாலைதான் காஷ்பர் இறந்தார். பன்றியை வெந்நீர் ஊற்றி மழித்த மரத்தொட்டியைக் கழுவ வாய்க்காலுக்குப் போயிருக்கிறார். வாய்க்காலை மூடியிருந்த பனிக்கட்டியில், தண்ணீர் எடுக்கக் காலையில் வெட்டிய துளை இருந்தது. வழுக்கி விழுந்திருக்கிறார். நாள் முழுக்கக் குடித்த பிளம் சாராயம் வேறு. மரத்தொட்டி மட்டும் துளையில் மிதந்தது. உடலை மறுநாள் மதகில் எடுத்தார்கள்.

வெண்டெலின் ஊருக்குச் சொன்னது இது: நட்சத்திரம் மறைந்து திரும்பி வந்தது. வந்ததும் கை மரத்துப்போய்விட்டதால் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்பில் கையைச் சூடு காட்டினேன். வெளியே வந்தபோது தொட்டி மிதந்தது.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து நாடாவைக் கொண்டுவந்தார். சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். லாபுடா அதை மேஜையில் நீட்டி விரித்தார். இரண்டு பக்கமும் நான் பிடித்துக்கொண்டேன்.

மூன்று கோடுகள். நடுவில் அணைந்தது ஒன்று, எரிந்தது ஒன்று. அதற்கு முன்னால், பதினைந்து விநாடிக்கு முன்னால், துணுக்கு போல ஒரு கோடு.

"இது என்ன?"

"ஒரு கணம் போச்சு. உடனே வந்துடுச்சு."

லாபுடா நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். யுரேனஸுக்கு வளையம் இருப்பதை இப்படித்தான் கண்டுபிடித்தார்கள், சில வருடங்களுக்கு முன்பு. கோளை நட்சத்திரம் அடைவதற்கு முன்னால் சில துடிப்புகள், விலகிய பிறகு அதே துடிப்புகள். ஆனால் அது பெரிய கோள். ஒரு கல்லுக்கு வளையமா? அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள்.

"வளையம்னா ரெண்டு பக்கமும் வெளிச்சத்த வெட்டணும், வெண்டோ. இந்தப் பக்கம் ஒண்ணு இருந்தா அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கணும். நட்சத்திரம் திரும்பி வந்தப்புறம் பார்த்துக்கிட்டிருந்தியா?"

"இல்ல. கொட்டகைக்குப் போயிட்டேன்."

"ஒரு நிமிஷம்கூடவா நிக்கல?"

"கை மரத்துப் போச்சு."

லாபுடா கெட்ட மனிதர் இல்லை. அவருடைய குரல் தாழ்ந்தது. "சரி. முத்தத்துல கறி வேகற கொப்பரை கொதிச்சிருக்கும். ஆவி மறைச்சிருக்கும். விடு."

வெண்டெலின் தலையாட்டினார். அறிக்கையில் முதல் குறிக்குப் பக்கத்தில் 'சமையல் ஆவி' என்று நான் தட்டச்சு செய்தேன்.

துக்க வருடம் முடியும்வரை யாரும் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் ஆரம்பித்தார்கள். ஈரலும் அரிசியும் அடைத்து வட்டமாகச் சுருட்டுகிற பன்றிக்குடலை எங்கள் பக்கத்தில் யாட்டர்னிட்ஸா என்போம். "வெண்டோ, உன் யாட்டர்னிட்ஸா வளையம் இன்னும் சுத்துதா?" "வெந்துடுச்சா?" "கடுகு தொட்டுக்கிட்டியா?" அவரும் கூடச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே மேஜையில் தட்டுவார். ஒன்று. இடைவெளி. இரண்டு. விரல் மேலே நிற்கும்.

அதன் பிறகு அவர் தொலைநோக்கியில் கண் வைக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை தவறாமல் குன்றேறி வருவார். கூரை மோட்டாருக்கு எண்ணெய் போடுவார், மின்விளக்கு மாற்றுவார். மற்றவர்கள் பார்க்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். யாராவது கீழே சாலையில் யாரையாவது கூவிக் கூப்பிட்டால் எழுந்து நின்றுவிடுவார்.

ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் சனியின் வளையத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன நிலா தாய்க்கோளுக்கு ரொம்பக் கிட்டே வந்துவிட்டால் கோளின் இழுப்பே அதைக் கிழித்துவிடும், துண்டுகள் பிரிய முடியாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், அப்படியும் ஒரு வளையம் உண்டாகலாம் என்றேன். பிள்ளைகள் போன பிறகு வெண்டெலின் ஏணியிலிருந்தபடியே கேட்டார்:

"அது உடையறப்ப சத்தம் வருமா, எடிட்கா?"

"அங்க காத்து ஏது? எவ்வளவு பெருசா உடைஞ்சாலும் கேக்காது."

"யாருக்கும் கேக்காதா?"

"யாருக்கும் கேக்காது."

"அப்ப பரவாயில்ல," என்றார். விளக்கை மாட்டிவிட்டு இறங்கினார். என்ன பரவாயில்லை என்று நான் கேட்கவில்லை.

ஹெர்மீனா மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு. வெண்டெலினும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கு விறகு வெட்டிக் கொடுத்தார், கூரை ஓடு மாற்றினார், தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினார், ரயில்வே தனக்குக் கொடுத்த நிலக்கரிப் பங்கில் பாதியை முன்கதவில் இறக்கினார். ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்பாதியில் சாப்பிடுவார். மற்ற நாட்களில் கதவைத் தட்டிப் பேசுவார்.

கடையில் பெண்கள் சும்மா இருப்பார்களா? "ஒரே கூரைக்கு எதுக்கு ஹெர்மீனா ரெண்டு கரண்டு மீட்டர்? ஒண்ண கழட்டிடேன்."

"கொழுந்தனையே கட்டிக்கிட்டா அப்புறம் புருஷனப் பத்தி யார்கிட்டடி போய்ப் புலம்புறது?" என்பாள் அவள். கடை சிரிக்கும். அவளும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள்.

ஒரு விஷயம் மட்டும் ஊருக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அவள் பன்றி வளர்க்கவில்லை, சரி. வீட்டில் கொழுப்பும் உருக்கவில்லை. யாராவது உருக்கிக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்கமாட்டாள். கடை எண்ணெய்தான். அந்த வாசனை ஆகவில்லை என்பாள்.

அவளிடம் ஒரு வாக்கியம் இருந்தது. மாவட்ட மருத்துவர் அன்று அவள் தோளைப் பிடித்துச் சொன்னது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மெழுகுவத்தி ஏற்றும்போது என்னிடமோ, பக்கத்துக் கல்லறைக்காரர்களிடமோ அதைச் சொல்வாள்.

"தண்ணி பட்டதுமே நெஞ்சு நின்னுடுச்சாம். டாக்டர் சொன்னாரு. கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காதுன்னாரு. ஒரு சத்தம் போடல, எடிட்கா. கஷ்டப்படல."

"ஆமா ஹெர்மீனா."

"கூப்பிட்டிருந்தா எனக்குக் கேட்டிருக்கும்ல? அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கம்தானே."

"கேட்டிருக்கும்."

வெண்டெலின் குனிந்து தீக்குச்சி கிழித்துக்கொண்டிருப்பார். காற்றில் அணையும். இன்னொன்று கிழிப்பார். அவள் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை அவருக்குத் தீ பற்றாது.

லாபுடா போய்ச் சேர்ந்தார். ஆட்சி மாறியது, நாடு இரண்டானது, பணம் இரண்டு தடவை மாறியது. மாவாலையை இடித்தார்கள். வாய்க்காலுக்குள் சிமெண்டுக் குழாய் பதித்து மேலே மண் போட்டு மூடினார்கள். வெண்டெலினின் தூண் மட்டும் புல்லுக்கு நடுவில் மொட்டையாக நின்றது. அதன் மேல் ஹெர்மீனா ஒரு பூந்தொட்டி வைத்தாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வசந்தத்தில் தலைநகரிலிருந்து ஸிமோனா வந்தாள். வானியலாளர். முப்பத்தைந்து வயது, முதுகுப்பை, நகம் கடித்த விரல்கள். அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில் பல நாடுகளில் கேமராக்கள் வைத்து உருளைக்கிழங்கைப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு வளையம் இருந்தது. மெல்லிய ஒற்றை வளையம், இரண்டு பக்கமும் சுத்தமாக வெட்டியிருந்தது.

பழைய அறிக்கைகளைத் தேடியவள் என் தட்டச்சுத் தாளைக் கையில் வைத்திருந்தாள்.

"சமையல் ஆவின்னு யார் எழுதினது?"

"நான்தான் தட்டச்சு பண்ணேன்."

"இந்த ஆவி சரியா நாங்க கண்டுபிடிச்ச வளையம் இருக்கற தூரத்துலயே வந்திருக்கு." அவள் நாற்காலியில் உட்காரவில்லை. "அவர் இருக்காரா?"

"இருக்காரு. ஆனா பாதிதான் பார்த்தாரு. நட்சத்திரம் திரும்பினதும் போயிட்டாரு."

"அத அவர் வாயால கேக்கணும். இந்த வளையங்கள் நிரந்தரமான்னே எங்களுக்குத் தெரியல. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இது முழுசா இருந்துதா, அரைகுறையா உருவாகிக்கிட்டிருந்துதா, யாருக்கும் தெரியாது. அன்னிக்கு அந்த நிழல்ல நின்ன ஒரே ஆள் அவர்தான்."

ஹெர்மீனா வீட்டுக்குத் தொலைபேசி செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை வாங்க," என்றாள். "முட்டைக்கோஸ் சூப் வைக்கிறேன். அந்தப் பொண்ணு கறி சாப்பிடுமா?"

சமையலறையில் நான்கு பேர். வெண்டெலின் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கழுத்துப் பொத்தான்வரை. அறுபத்தொன்பது வயது. ஸிமோனா தன் கணினியில் வளையத்தின் படத்தைக் காட்டினாள். படம் என்றால் படம் இல்லை. ஒரு கோடு நேராகப் போகும், ஒரு சின்னப் பள்ளம், பிறகு பெரிய பள்ளம், பிறகு இன்னொரு சின்னப் பள்ளம். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். கடைசிச் சின்னப் பள்ளத்தின் மேல் விரலை வைத்தார். உடனே எடுத்தார்.

"அப்ப அது ஆவி இல்ல," என்றார்.

"இல்லவே இல்ல. மன்னிப்புக் கேக்கணும்னா அந்தக் குழுவே கேக்கணும்."

"அவங்கல்லாம் மேல இருக்காங்க. இப்ப கிட்டப் போய்ப் பார்த்துக்கிட்டிருப்பாங்க."

ஸிமோனா சிரித்தாள். அவருக்கு அது முதல் வெற்றி போல இருந்தது. முகம் சிவந்தது. ஹெர்மீனா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று சூப்பைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

"ஒரே ஒரு கேள்வி," என்றாள் ஸிமோனா. "நட்சத்திரம் திரும்பி வந்தப்புறம் பார்த்துக்கிட்டிருந்தீங்களா? பார்க்கலன்னா ஒண்ணும் இல்ல, முதல் குறி ஒண்ணே போதும், உங்க பேர் வரும். பார்த்து எதுவும் தெரியலன்னா, அப்ப வளையம் முழுசா இல்லன்னு அர்த்தம். அதுவும் முக்கியம். பார்த்து, தெரிஞ்சிருந்தா…"

"அவன் கொட்டகைல இருந்தான்," என்றாள் ஹெர்மீனா, திரும்பாமலே. "கை மரத்துப் போச்சு அவனுக்கு. ஊருக்கே தெரியும். கதவு சாத்தியிருந்தது. வெளிய நடந்தது எதுவும் அவனுக்குக் கேக்கல."

வெண்டெலின் மேஜையில் தட்டினார். ஒன்று. இடைவெளி. இரண்டு. விரல் மேலே போனது.

"ஆமான்னு சொல்லு வெண்டோ. சூப் ஆறுது."

"இல்ல, அண்ணி," என்றார்.

கரண்டி நின்றது.

"பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். இருந்தது. முதல்ல மாதிரியே. ஒரு சிமிட்டல்."

ஸிமோனாவின் கை தானாக வாயைப் பொத்தியது. "ஏன் பதியல? சாவி கையிலதானே இருந்தது?"

"அண்ணன் கூப்பிட்டான்."

ஸிமோனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. நான் மேஜைத்துணியைப் பார்த்தேன்.

அவர் அவளிடம் பேசவில்லை. அடுப்பருகே தெரிந்த முதுகிடம் பேசினார். "தொட்டியத் தூக்கிக்கிட்டு என்னத் தாண்டித்தான் போனான். 'என்னடா, உன் உருளைக்கிழங்கு வந்துச்சா, இல்ல உரிக்கணுமா?'ன்னான். சாயங்காலம் பூராவும் அப்படித்தான். சும்மா சும்மா கூப்பிட்டான். 'டேய் வெண்டோ, வந்து ஒரு மடக்குக் குடி, நட்சத்திரம் எங்கயும் போகாது.' நான் திரும்பல. திரும்பக் கூடாது. நட்சத்திரம் அணைஞ்சப்ப கூப்பிட்டான். அதையும் கேலின்னுதான் நெனச்சேன். நட்சத்திரம் வந்துடுச்சு. அழுத்தினேன். மறுபடி கூப்பிட்டான்."

"வெண்டோ," என்றாள் ஹெர்மீனா.

"மூணாவது தடவ கூப்பிட்டது கேலி இல்ல. அது எனக்குத் தெரிஞ்சுது, அண்ணி. தண்ணிக்குள்ளேருந்து வர்ற குரல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுது. ஆனா முன்னாடி வெட்டினது நிஜம்னா பின்னாடியும் வெட்டும். எப்ப வெட்டும்னும் தெரியும். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம்தான். அதுக்காக நின்னேன். வெட்டிச்சு. விரல் சாவி மேலதான் இருந்தது. அழுத்த வரல. அப்புறம்தான் ஓடினேன். துளைல தொட்டி மட்டும் இருந்தது."

ஸிமோனா எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தாள்.

ஹெர்மீனா அடுப்பை அணைத்தாள். துணியை எடுத்துக் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள்.

"எத்தன தடவ கூப்பிட்டாரு?"

"மூணு."

"நாலு," என்றாள்.

அவர் தலை நிமிர்ந்தது.

"நாலாவது உன் பேரு இல்ல. என் பேரு. நீ அதுக்குள்ள பனியில ஓடிக்கிட்டிருந்திருப்ப. உன் பூட்ஸ் சத்தம்தான் உனக்குக் கேட்டிருக்கும்." அவள் இப்போது திரும்பியிருந்தாள். "இந்த ஜன்னல் திறந்துதான் இருந்தது, புகை போகறதுக்கு. நான் கொழுப்பு உருக்கிக்கிட்டிருந்தேன். கிண்டறத நிறுத்தினா தீஞ்சிடும். ஒரு வருஷத்துக் கொழுப்பு. உன்னக் கூப்பிட்டதெல்லாம் கேட்டேன். அண்ணனும் தம்பியும் விளையாடறாங்கன்னு நெனச்சேன். என் பேரச் சொன்னப்ப நெஞ்சு ஒரு மாதிரி ஆச்சு. 'வர்றேன் இரு'ன்னு இங்கேருந்தே சொன்னேன். சொல்லிட்டுக் கிண்டினேன். இதோ இந்த இடத்துல நின்னு."

வெண்டெலின் சொன்னார்: "டாக்டர் சொன்னாரே."

"டாக்டர் நல்ல மனுஷன்," என்றாள் ஹெர்மீனா.

சூப்பை யாரும் சாப்பிடவில்லை. திரும்பும் வழியில் பேருந்து நிறுத்தத்தில் ஸிமோனா என்னிடம், "நான் வந்திருக்கக் கூடாது," என்றாள். பேருந்து வந்துவிட்டது.

அவளுடைய கட்டுரை அடுத்த ஆண்டு வெளியானது. அட்டவணையில் கடைசி வரியில் லெஹோத்கா, வி. ஹுடெட்ஸ் என்று இருந்தது. மூன்று நேரங்கள். நான்காவது கட்டத்தில் நேரம் இல்லை. 'கண்டார், குறிக்கவில்லை' என்று இருந்தது. லாபுடாவின் விதிப்படி அது நடக்கவில்லை. நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெண்டெலின் படித்துவிட்டு அண்ணியிடம் நீட்டினார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தாள், அந்த வரியின் மேல் நகத்தால் ஒரு முறை தடவினாள், ரொட்டிப் பெட்டிக்கு மேல் வைத்தாள்.

அவர் இப்போது தினமும் முன்பாதியில்தான் உட்காருகிறார் என்று அன்று கவனித்தேன். வானொலி அணைந்திருந்தது. இருவரும் மேஜையின் இரண்டு பக்கம். ஜன்னல் திறந்திருந்தது, ஜனவரி மாதத்தில். குளிர்கிறதே, சாத்தட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்," என்றார்கள் இருவரும்.

வெளியே இருட்டிவிட்டிருந்தது. ஆறு மணிக் கோயில் மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வெண்டெலினின் கைகள் மடியில் கிடந்தன. அவர் தட்டவில்லை. நான் எதையோ பேசிக்கொண்டிருந்தேன், பேருந்துக் கட்டணத்தைப் பற்றி என்று நினைக்கிறேன்.

அப்போது இரண்டு பேரும் ஒரே கணத்தில் தலையைத் தூக்கினார்கள். வாய்க்கால் இருந்த பக்கம் பார்த்தார்கள். ஹெர்மீனாவின் உதடு அசைந்தது. வெண்டெலின் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார்.

நானும் காது கொடுத்தேன். வாய்க்காலை மூடி வருடங்கள் ஆயிற்று, தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், தூணின் மேல் பூந்தொட்டியில் பனி விழுந்துகொண்டிருந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

மணி அடித்தது. அவர் உட்கார்ந்தார்.